கண்ணாடிக்குக் காவல்

ஆயுத பூஜையன்று ஊரே எந்திரங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. இருதயநாதன் மட்டும் தன் எந்திரத்துக்குக் காவல் இருந்தார், கையில் ஸ்பானரோடு.

ஈய எழுத்தே வேண்டாம், வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பிலிமில் எழுத்தைப் பதிக்கலாம் என்கிற புது எந்திரம் அது. அதன் உயிர் ஒரு வட்டக் கண்ணாடி. தமிழ் எழுத்து முழுவதும் அதில்தான் இருந்தது. சென்னையில் வருஷக்கணக்காகக் கண்விழித்து அவர் செய்தது. இன்னொரு கண்ணாடி கிடையாது.

திண்டுக்கல்லில் இந்த அச்சாபீசில்தான் முதல் சோதனை. நாளைக்குக் கம்பெனியின் பெரிய அதிகாரி வந்து பார்க்கிறார். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தாலும் எஞ்சினியர் உத்தியோகம் அதோடு சரி.

அவர் பயந்தது கம்பாசிட்டர்களை நினைத்துத்தான். ஈய எழுத்தைக் கோத்தே வயிறு வளர்த்தவர்கள் சும்மா விடுவார்களா? ரெண்டு நாளாகக் கூடிக் கூடிப் பேசினார்கள். இவர் தலையைக் கண்டால் பேச்சு நின்றது. நாகல் நகர் டீக்கடையில் "கண்ணாடி" என்று யாரோ முணுமுணுத்ததைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம் கதவைத் தட்டினார்கள்.

"சார், செத்தக் கதவத் தொறங்க." போர்மேன் பொன்னழகுவின் குரல்.

ஜன்னல் வழியே பார்த்தார். அத்தனை பேரும் நின்றார்கள். கம்பாசிட்டர் மீரான் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். முதலாளியும் வீட்டுக்குப் போய்விட்டார்.

"எதுக்கு?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

"தொறந்தாத்தான சார் சொல்ல முடியும்?"

அந்தத் தாழ்ப்பாள் ஒரு உதைக்குத் தாங்காது. உயிராவது மிஞ்சட்டும் என்று திறந்தார். எல்லோரும் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

மீரான் கையை முன்னால் நீட்டினான். செவ்வந்தி மாலை. பொன்னழகு கையில் சந்தனக் கிண்ணம்.

"பயப்படாதீங்க சார். கண்ணாடியில கை படாமப் பொட்டு வைக்கணும்னுதான் ரெண்டு நாளா இவனுகளுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். வெளித்தகரத்துல மட்டும் வச்சுக்கிறோம். இது வந்தா ஒருத்தருக்கும் வேலை போகாதுன்னு வந்த அன்னைக்கே நீங்க சொல்லிட்டீங்க. இனிமே எங்க புள்ளைகுட்டிக்கு இதுதான சார் சோறு போடணும்?"

எல்லோரும் எந்திரத்தைக் கும்பிட்டார்கள். பிறகு அவரையும் கும்பிட்டார்கள்.

நேற்றுத்தான் இருதயநாதன் முதலாளியிடம் சொல்லியிருந்தார்: "இதுக்கு ஒரு ஆள் போதும். மத்தவங்களத் தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்திடுங்க, போனஸ் மிச்சம்."