மூலையில் ஒரு ஸ்டூல்

“மொத்த டைலையும் பேத்து எடுங்க!” என்றான் நௌஃபல்.

மறையூரிலிருந்து வந்து டைல் ஒட்டிய இன்னாசிராஜ் திகைத்துப்போனார். நாளை மறுநாள் குடிபுகும் விருந்து. புதுநகரத்தில் பாதி ஊருக்கு அழைப்பு போயாகிவிட்டது.

“எதுக்கு பாய்?”

“தரை மட்டமில்ல. நீங்களே பாருங்க.”

சமையலறை மூலையில் கிடந்த பழைய மர ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினான். டக், டக்கென்று ஆடியது.

இன்னாசிராஜ் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

“தரை சரியாத்தான் இருக்கு பாய். ஸ்டூலு காலுதான்...”

“வாயைக் கழுவுங்க! மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப நானும் எங்கத்தாவும் சேர்ந்து செஞ்சது. அத்தா அளந்தாங்க, நான் அறுத்தேன். பழைய வீட்டுல இதுல உட்கார்ந்துதான் தினம் டீ குடிப்பேன். ஒருநாள் ஆடினதில்ல. உங்க ரசமட்டத்துல தப்பு வரலாம், எங்கத்தா கையில வராது!”

“எப்படி ஆடும்?” என்று மனைவி ரஜீனா சிரித்தாள். “பெருக்கறதுக்குக்கூட மாமா அதை நகர்த்த விட்டதில்லையே!”

அந்த நேரம் பார்த்து அத்தா அலவி ராவுத்தரே உள்ளே வந்தார்.

“அத்தா, நீங்க சொல்லுங்க. தப்பு ஸ்டூல்லயா, தரையிலயா?”

அலவி ஸ்டூலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

“தரையிலதான்.”

இன்னாசிராஜுக்குச் சுருக்கென்றது. பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்கும், சரி. ரசமட்டத்தையுமா மறைக்கும்?

“நீ போய்ப் பந்தல்காரனைப் பாரு. இவரை நான் பார்த்துக்கறேன்” என்றார் அலவி.

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. அவன் ஒரு காலைக் குட்டையா அறுத்துட்டான். மூலையில இருக்கற துண்டு டைலை மட்டும் ரெண்டு நூல் தூக்கி ஒட்டிருங்க, போதும்.”

“மத்த மூணு காலையும் சீவிட்டா முடிஞ்சுதே?”

“அறுத்தது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சுருமே! அன்னிக்குப் பழைய வீட்டுல அவன் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள சிமென்ட் பூசி மூலையை மேடாக்கி வச்சேன். ‘ஆடலை அத்தா’ன்னு குதிச்சான் பாருங்க...”

சாயந்தரம் நௌஃபல் வந்தான். உட்கார்ந்தான். அசைந்தான். ஸ்டூல் அசையவில்லை.

“இப்ப என்ன சொல்றீங்க?”

இன்னாசிராஜ் தலையைச் சொறிந்தார்.

“நம்ம ரசமட்டம் பழசாயிருச்சு பாய். தப்பு தரையிலதான்.”