முன்னாடி போற வெள்ளை வண்டி

"விட்டுடாதே. அதோ தெரியுது பாரு வெள்ளை வண்டி, உங்க அண்ணன்தான்" என்று பக்கத்து சீட்டிலிருந்து கணவன் கத்தினான்.

அவள் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். கல்லும் மண்ணுமாகக் கிடந்த பந்தயப் பாதையில் நீல பிக்கப் துள்ளித் துள்ளி ஓடியது. கிளம்பின இடத்திலேயே சக்கரம் புதைந்து, அரை மணி நேரம் மானத்தை வாங்கியிருந்தது. அதற்குள் அண்ணன் பறந்துவிட்டான். இப்போதுதான் தூசிக்கு நடுவில் கண்ணில் பட்டிருக்கிறான்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்துகிற வொர்க் ஷாப்புக்கு ஒரே ஒரு கம்பெனியின் ஏஜென்சிதான் எடுக்க முடியும். அண்ணனின் வெள்ளை பிக்கப் கம்பெனியா, இவளுடைய நீல பிக்கப் கம்பெனியா என்று சண்டை போட்டே வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில், இந்தப் பந்தயத்தில் யார் வண்டி முந்துகிறதோ அந்தக் கம்பெனி போர்டைத்தான் வாசலில் மாட்டுவது என்று முடிவாயிற்று.

"அவனுக்கு எஞ்சின் பெருசுங்க. அதான் நேர் பாதையில அந்த இழுப்பு இழுக்குது. மேடு பள்ளம் வரட்டும், நம்ம ஸ்பிரிங்குக்கு முன்னாடி அது நிக்காது."

மேடு வந்தது. பள்ளமும் வந்தது. வெள்ளை வண்டி அசரவில்லை.

"பின்னாடி கூண்டு வேற கட்டியிருக்கான். எடை கூடும்னு ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாதா?"

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குப் பகட்டு ஜாஸ்தி. நீங்க மேப்பைப் பாருங்க."

"மேப் எதுக்கு? அவன் பின்னாடியே போனா வழி தானா வந்துட்டுப் போகுது."

அதுவும் சரிதான் என்று பட்டது அவளுக்கு. இடைவெளி குறையக் குறைய உற்சாகம் தலைக்கேறி, வாய்விட்டுச் சிரித்தாள். முன்னால் போன வண்டி தலைதெறிக்க ஓடியது.

"கண்ணாடியில நம்மளப் பார்த்துட்டான். மிரண்டுட்டான்" என்றாள்.

மண் பாதை முடிந்து தார் ரோடு வந்தது. வெள்ளை வண்டி ஒரு கேட்டுக்குள் நுழைந்து, பெரிய கட்டடத்தின் வாசலில் போய் நின்றது. கடைசிவரை அவளால் முந்த முடியவில்லை. கொடியைக் காணோம், கூட்டத்தைக் காணோம். வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் மட்டும் ஓடி வந்தார்கள்.

"நடுவருங்க போல" என்றான் கணவன்.

வெள்ளை வண்டியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு டிரைவர் இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, ஆம்புலன்ஸுக்கு வழி விடுறவங்களைப் பார்த்திருக்கேன். விரட்டிக்கிட்டு வர்றவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்."

பின்கதவு திறந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில், காலில் கட்டோடு அண்ணன் படுத்திருந்தான்.

"ஐயோ, என்னண்ணா ஆச்சு?" அவள் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் வளைவுலயே பஞ்சர், வண்டி இன்னும் அங்கதான் புதருக்குப் பின்னாடி நிக்குது. டயர் மாத்த இறங்கி, வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டேன். பயப்படாதே, சின்ன விரிசலாத்தான் இருக்கும்னு நர்ஸ் சொல்றாங்க. நீ பாட்டுக்குப் பாதையில உருட்டிக்கிட்டுப் போயிருந்தாக்கூட ஜெயிச்சிருப்பே."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "சரி, இந்தப் பந்தயம் செல்லாது. உனக்குக் கால் சரியானதும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்."

"எதுக்கு?" அண்ணன் வலியிலும் பல்லைக் காட்டினான். "இந்த ஆம்புலன்ஸும் நான் சொல்ற கம்பெனி வண்டிதான். என்னையும் நர்ஸையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் சுமந்துக்கிட்டு ஓடினதையே உன்னால முந்த முடியல."