கண் மட்டம்

அக்கா மதிவதனி வேதியியல் படிப்பின் நடுவில் ஒரு வருடம் மருந்துக் கம்பெனியில் வேலை பழகப் போனாள். மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வருடம் படிப்பில் சேரும். அன்று அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டோடு ஆய்வுக்கூட வாசலில் நின்றேன். உள்ளே அக்காவுக்கும் மேலாளருக்கும் நடுவில், குழந்தைகளுக்கான இருமல் மருந்து நிறைந்த ஒரு கண்ணாடி ஜாடி. அதில் மருந்தின் அடர்த்தியைக் காட்டும், கோடு போட்ட குழல் ஒன்று மிதந்தது.

“கோடு சரியாத்தானே நிக்குது? மருந்து ஏத்த லாரி காத்திருக்கு. பழக வந்த பொண்ணு நீ, கம்பெனியையே நிறுத்துவியா?” என்றார் மேலாளர்.

“கோடு மூழ்கிடுச்சு சார். மருந்து தண்ணியா இருக்கு.”

“உனக்குக் கையெழுத்துப் போடவேண்டியவன் நான்தாம்மா.”

அக்கா முழங்காலை மடக்கி, கண்ணை மருந்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் பால் அளக்கும்போதும் இப்படித்தான். டம்ளருக்குக் கும்பிடு போடுகிறாள் என்று அம்மா சிரிப்பாள்.

“நின்னுக்கிட்டுப் பார்த்தா தெரியாது சார். இப்படிப் பாருங்க.”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவள் எழவில்லை. வாசலில் நானும் என்னை அறியாமலே குனிந்திருந்தேன். மேலாளர் தன் பேன்ட்டை முழங்காலருகே இரு விரலால் பிடித்து, மெல்ல மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.