டெல்பர்ட்டின் காடைகள்

தெற்கு டெக்சாஸின் டிசம்பர் வெயில் புல்லின் பனியை இன்னும் தொடவில்லை. வேட்டைப் பருவத்துக்காகக் காடைக் கணக்கெடுக்கும் ஹெலிகாப்டர் வெர்னாவின் மேய்ச்சல் நிலத்தின் மேல் தாழப் பறக்கிறது. போன வருடம் அவள் நிலத்தில் நாற்பது கூட்டம். பக்கத்து நிலத்து டெல்பர்ட்டுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து மனிதருக்குக் காபிகூடக் கசக்கிறது. காடைகளை இழுக்க ஒரு மாதமாகத் தன் நிலத்தில் சோளம் இறைக்கிறார். மூட்டைகள் என் வாசல் வழியாகத்தானே போயின, எனக்குத் தெரியாதா? அடுத்து அவர் நிலத்தைத்தான் எண்ணப்போகிறார்கள். அதுவரை வீட்டில் இருப்புக் கொள்ளாமல், வெர்னாவின் பக்கம் எத்தனை எழும்புகிறது என்று வேவு பார்க்க, தன் வேலியோரமாகவே வண்டியை உருட்டி வருகிறார்.

"என்ன டெல்பர்ட், காலங்காத்தால காவலா?" என்கிறேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி.

"வேலி பாக்க வந்தேங்க. அவளுக்கு மட்டும் என்ன, சொர்க்கத்துலேருந்தா வந்து எறங்குது?"

சொல்லி முடிக்கவில்லை, வண்டிச் சத்தத்தில் மிரண்டு சடசடவென எழும்புகின்றன காடைகள். அவர் சோளத்தில் கொழுத்தவை, கூட்டம் கூட்டமாக வேலியைத் தாண்டி வெர்னாவின் புல்லில் போய் இறங்குகின்றன. ஹெலிகாப்டர் அங்கேயே திரும்புகிறது.

"அது என்னோடதுடா! எல்லாம் என்னோடது!" டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி வீசிக் கத்துகிறார். மேலே உட்கார்ந்திருப்பவன் அவருக்கு அன்பாகக் கையசைத்துவிட்டு, குனிந்து எண்ணத் தொடங்குகிறான்.