எங்கள் வங்கி மூழ்காத நாள்

கதவைத் திறந்ததும் கூட்டம் திபுதிபுவென்று உள்ளே புகுந்தது.

வங்கி மூழ்கப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களே பங்கு போட்டுத் தொடங்கிய சின்ன வங்கி. வதந்தியைத் தாங்கும் உடம்பு அதற்கு இல்லை.

நான் காசாளர். என் பெட்டியில் இருந்த பணம் மதியம் வரை தாங்கினால் பெரிது.

தச்சர் தையல்காரரின் காலை மிதித்தார். ரொட்டிக்கடைக்காரர் சொந்த மச்சானையே முழங்கையால் இடித்துத் தள்ளினார். முந்தின நாள் வரை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டவர்கள்.

என் கம்பிச் சன்னலுக்குள் நாலைந்து கைகள் ஒன்றாக நுழைந்திருந்தன. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் மருத்துவச்சி வந்தார். கனத்த உடம்புக்காரர். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர்.

வாசலில் நின்று ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார்.

"வழி விடுங்கடா."

விட்டார்கள். அவர் சொன்னால் அவர்களுடைய அம்மாக்களே கேட்பார்கள்.

என் பக்கம் அவர் திரும்பவில்லை. ஆளில்லாமல் கிடந்த அடுத்த கவுன்ட்டருக்குப் போனார். நகைகளைப் பெட்டகத்தில் வைக்கக் கொடுக்கும் இடம் அது.

தங்க வளையல்களைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. கல்யாணத்தன்று போட்டவை, கை பெருத்துவிட்டது.

"கொஞ்சம் சோப்பு குடுங்க சார்."

மேனேஜரே ஓடினார். சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்தார்.

மருத்துவச்சி அவசரப்படவில்லை. மணிக்கட்டில் நுரை வரத் தேய்த்து, விரல்களைக் குவித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோல் சிவந்து உரிந்தது. சன்னலுக்குள் நீண்ட கைகள் நீண்டபடியே நின்றன.

கடைசி வளையல் மேசையில் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"பத்திரமா வைங்க. வீட்டைவிட இங்க இருந்தா நிம்மதியாத் தூங்குவேன்."

முதலில் ரொட்டிக்கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். தச்சர் செருப்பைத் தேடினார். வெயில் ஏறுவதற்குள் கூடம் காலி.

அதன் பிறகும் பல காலம் வங்கி நடந்தது. அது கொடுத்த கடனில்தான் ரொட்டிக்கடை இரண்டாயிற்று. தச்சரின் மகள் டாக்டரானாள். கடைசியில் ஒரு பெரிய வங்கி எங்களை விழுங்கியபோது, யாருக்கும் காசு பாக்கி வைக்காமல்தான் பெயர்ப்பலகையை இறக்கினோம். இப்போது அங்கே மருந்துக்கடை.

வளையல்களைக் கழற்றிக் கொடுத்த அன்று சாயங்காலமே, நன்றி சொல்ல மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன்.

"எங்க மேல உங்களுக்கு எப்படிம்மா அவ்வளவு நம்பிக்கை?"

மணிக்கட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நம்பிக்கையா? நானும் என் பணத்தை எடுக்கத்தான் தம்பி அடிச்சுப்பிடிச்சு ஓடியாந்தேன். வந்து பார்த்தா, ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கிட்டு நிக்குது, அத்தனையும் என் கையால எடுத்த புள்ளைங்க."