கனமான வாத்தியம்

"இதைவிடக் கனமா வேற இல்லையாண்ணே?"

பியானோவின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார் பெனிட்டோ.

பிரிக்பீல்ட்ஸில் பழைய சாமான் கடை வைத்திருந்த இராமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சீமைக்குத் திரும்பும் துரைமார் விற்றுவிட்டுப் போகும் மேசை, கட்டில், பியானோ எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும்.

"எல்லாரும் லேசா இருக்கான்னு பார்ப்பாங்க. நீங்க என்ன மாஸ்டர், தலைகீழாக் கேக்கிறீங்க?"

பெனிட்டோ மணிலாக்காரர். கோலாலம்பூரில் ஒரு பேண்டுக் குழுவில் கார்னெட் ஊதுகிறார். தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸிலேயே வெகுகாலம் குடியிருந்ததில் தமிழ் நன்றாக வந்துவிட்டது.

"ஊர்ல இருக்கிற என் பையனுக்கு அனுப்பணும். சங்கீதம் கத்துக்கணும்னு அடம் பிடிக்கிறான்."

"அப்பா கார்னெட், பையனுக்கும் கார்னெட் வாங்கிக் குடுக்க வேண்டியதுதானே?"

"வேணவே வேணாம். கார்னெட் பையில அடங்கும். பையில அடங்குற வாத்தியம் கத்துக்கிட்டவன் ஒருத்தனும் எங்க ஊர்ல தங்கல. கிளாரினெட்காரன் ஷாங்காய்ல, பிடில்காரன் ஹாங்காங்ல, நான் இங்க. வீடெல்லாம் ஓடு போட்டு நல்லாத்தான் இருக்கு, உள்ள ஆம்பளைங்கதான் இல்ல. போன வருஷம் மாதா ஊர்வலத்துக்கு ஊத ஆளில்லாம, ஒரு கிழவர் டிரம் மட்டும் அடிச்சுக்கிட்டே போனாராம்."

"அடடா."

"நான் லீவுல போனா, 'அம்மா, இந்த ஆள் எப்ப கிளம்புவாரு'ன்னு என் பையன் கேக்கிறான். அவன் பிள்ளை அவனை அப்படிக் கேக்கக் கூடாதுண்ணே. அதான், கப்பல்ல தூக்கிட்டு ஏற முடியாத வாத்தியமாத் தேடுறேன்."

இராமலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பியானோவின் முன்பலகையைக் கழற்றினார்.

"அப்படின்னா இதுதான் சரி. இந்தக் கம்பிங்க எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்புக்கு வெறும் மரம் தாங்காது, வளைஞ்சிடும். அதனால உள்ள இரும்பை வார்த்துச் சட்டமா வச்சிருக்கான் பாருங்க. கனமெல்லாம் அதுதான். ஆறு பேர் தூக்கணும், தூக்கி முடிச்சு ஆறு பேரும் படுத்துக்கணும்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பெனிட்டோ.

ஆறு பேர் முனகிக்கொண்டே அதை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். முனகல் கேட்கக் கேட்க பெனிட்டோவின் முகம் மலர்ந்தது. பியானோ ரயிலில் கிள்ளான் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பல் ஏறியது.

வருஷங்கள் ஓடின. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்து, பெனிட்டோ மகனின் புகழ் பாடுவார்.

"ஊர்த் திருவிழால இப்ப அவன் வாசிப்புதான். கூட்டாளிங்க எல்லாம் கப்பல் ஏறிட்டாங்க. இவன் மட்டும் அசையல."

"எப்படி அசைவான்? இரும்புச் சட்டமாச்சே."

ஒருநாள் இப்படி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் இறங்கி வந்து, பெனிட்டோவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். மணிலாக்காரர்கள் பெரியவர்களை வணங்கும் முறை அது.

பெனிட்டோ எழுந்தார். அவன் முகத்தையே பார்த்தார். அவன் தங்கள் பாஷையில் குதூகலமாக ஏதோ சொல்லச் சொல்ல, அவர் மெல்ல மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு மாஸ்டர், உங்க பையனா? என்ன சொல்றாரு?"

"நாளையிலேருந்து இங்க ஊமைப்படக் கொட்டகையில அவனுக்கு வேலையாம். படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்துல உக்காந்து வாசிக்கணுமாம்."

"அப்போ அந்தப் பியானோ?"

"கொட்டகைக்குக் கொட்டகை அவங்களே வாங்கிப் போட்டிருக்காங்களாம்ணே. எங்க ஊர்லேருந்து கப்பல் ஏறினவங்கள்ல கையை வீசிக்கிட்டு வந்த முதல் ஆளு என் பையன்தான்."