பதினேழு கிழமை

"மூண்டாம் கிழமை?"

"பதின்மூண்டு."

வேரோனிக்கா மடியிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். ஆறு என்று எழுதியிருந்தது.

"ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ. எட்டாம் கிழமை?"

"பதினொண்டு. உவன் பத்துக்குக் கீழை போகமாட்டான். அதுதானே முதல் ஆளா எடுக்கச் சொல்லுறன்."

கொப்பியில் ஐந்து. எழுதியதும் அவள் கணவர் அமிர்தநாதர்தான். தன் கையால் எழுதியதையே மனிதர் மறந்துவிட்டார்.

நாலு மணிக்கு அஜக்ஸிலிருந்து மகன் றூபன் வரப்போகிறான். அவனுடைய ஒஃபிஸ் ஆட்கள் நடத்தும் ஃபன்ரசி ஃபுட்போலில் அப்பனுக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரு ரீம்; நிஜ ஆட்டக்காரர் ஒவ்வொரு கிழமையும் எடுக்கிற புள்ளிதான் அந்தக் கற்பனை ரீமுக்கும் புள்ளி. இன்றைக்கு ட்ராஃப்ட், அதாவது சீசனுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் நாள். எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிற றிசீவர்மாரைத் தெரிந்தெடுப்பது அமிர்தநாதரின் பொறுப்பு.

ஒரு கிழமை முப்பது புள்ளி எடுத்துவிட்டு மறுகிழமை இரண்டோடு படுத்துவிடுகிறவனை அவர் தொடவே மாட்டார். கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, கோடு போட்டு, போன சீசனின் பதினேழு கிழமைப் புள்ளிகளையும் வாரம் வாரமாய் எழுதுவார். விழாமல் நிற்கிறவன் யார் என்று பார்ப்பார். பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு அத்தனையையும் மனப்பாடமாய்ச் சொல்லுவார். அந்த ஞாபகம்தான் இப்போது கரைந்துகொண்டிருந்தது.

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வைகாசியில், வீடெல்லாம் தேடிய கார்த் திறப்பு அரிசி வாளிக்குள் கிடந்தது. போன மாதம் குளியலறைக் குழாய், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை ஓடியது. கேட்டால் "நான் திறக்கேல்லையப்பா" என்றுவிட்டு, சண்டை பிடிக்காமல் துணியை எடுத்துத் துடைப்பார்.

றூபனிடம் அவள் மூச்சும் விடவில்லை. குடும்பச் சிநேகிதர் கிறிஸ்துநாயகத்தாருக்கு மறதி வந்தபோது, "அங்கிளை ஹோமிலை விட்டதுதான் சேஃப்" என்று சொன்னவன் அவன். இவரையும் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால்? நாடு விட்டு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறையில் தொடங்கிய நாளிலிருந்து, இந்த டோர்செட் பார்க் பதினோராம் மாடிவரை, அவர் குறட்டை கேட்காமல் அவள் நித்திரை கொண்டதில்லை.

"இஞ்சேருங்கோ, தம்பி கேட்டா இதிலை இருக்கிறமாதிரியே சொல்லுங்கோ. என்ன?"

"நீர் பாக்கிறது வேறை பக்கம்."

"ஓமோம். பாடம் பிழைச்சா பக்கத்திலை பழி." அந்தத் தாளைத் தட்டிக் காட்டினாள். "பக்கத்துக்குப் பேர்கூட எழுத மறந்துபோனியள். அதை விடுங்கோ, ஆர் உந்தச் சவலை? ஏழுக்கு மேலை போன ஒரு கிழமையும் இல்லை. தொடக்கத்திலை ஏழு, ஏழு, ஆறு. பிறகு அஞ்சு, நாலு. கடைசியிலை ரெண்டு. உப்பிடி ஒருத்தனை ஆரும் வைச்சிருப்பினமே? விட்டுத் தள்ளுங்கோ."

"விடேலாது," என்றார் அமிர்தநாதர்.

அவர் அதை அழுத்திச் சொன்னார். பிடிவாதமும் வந்துவிட்டது. கிறிஸ்துநாயகத்தாருக்கும் இப்படித்தான் தொடங்கியது.

வாசல் மணி அடித்தது. றூபன் லாப்ரொப் பையோடு உள்ளே வந்தான்.

"ஃபோ-ஓ-வன் ஹைவேயிலை ஒரே ட்ராஃபிக். அப்பா, ரெடியா? ஃபர்ஸ்ட் ரவுண்ட் ஆர்?"

அவர் வாயைத் திறக்குமுன் வேரோனிக்கா முந்திக்கொண்டாள். "அப்பா களைச்சுப்போனார், தம்பி. அவரைக் கேக்காதை. எல்லாம் இதிலை இருக்கு, நீயே பார்."

கொப்பியை விரித்தபடியே அவன் கையில் திணித்தாள். றூபன் மேலிருந்து கீழே வாசித்தான். கடைசி வரியில் அவன் விரல் நின்றது. முகம் வெளிறிப்போயிற்று.

"ரெண்டுக்கு வந்திட்டுதா, அப்பா?"

"போன கிழமையும் ரெண்டுதான்."

அவனுக்கு விளங்கிவிட்டது என்று வேரோனிக்கா நினைத்தாள். இனி ஒளித்துப் பயனில்லை. மகனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தம்பி, அவரை ஹோமிலை விட்டிடாதை. குழாயைத் திறந்துவிட்டா நான் பூட்டுவன். கார்த் திறப்பை நான் வைச்சிருப்பன். இத்தினை நாளும் நான்தானே பாத்தனான்."

றூபன் தகப்பனைப் பார்த்தான்.

அமிர்தநாதர் எழுந்து வந்து, கொப்பியை மெதுவாக வாங்கி, ஒரு தாளைத் திருப்பி அவளிடம் நீட்டினார். மேலே ஒரு றிசீவரின் பெயர் வடிவாக எழுதியிருந்தது. மூன்றாம் கிழமை பதின்மூன்று. எட்டாம் கிழமை பதினொன்று. அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை.

வேரோனிக்கா அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... மற்றப் பக்கத்திலை இருக்கிறது ஆர்?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"அது, ஒவ்வொரு கிழமையும் ஏழு நாளிலை எத்தினை நாள் நீர் தெளிவா இருந்தனீர் எண்ட கணக்கு, வேரோனிக்கா."